ராஸ்பெர்ரி பை 4: எஸ்எஸ்டி மாட்டினால் பாதி பூட்டில் ரீஸ்டார்ட் ஆகிறது, 3 ஆம்பியர் சார்ஜர் போதாதா?

பைத்தியம்4:

வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கையளவு கணினி), 4 ஜிபி போர்டு. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை யுஎஸ்பி அடாப்டர் வழியாக நீல போர்ட்டில் மாட்டி அதிலிருந்தே பூட் செய்கிறேன். எஸ்டி கார்டு கிடையாது. பவருக்கு போனோடு வந்த 33 வாட் சார்ஜர். அதன் முதுகில் 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று அச்சாகியிருக்கிறது. கேபிள் ஒன்றரை மீட்டர், தனியாக வாங்கியது.

பவர் போட்டதும் வானவில் சதுரம் வரும், எழுத்துகள் ஓடும், பத்துப் பன்னிரண்டு நொடியில் திரை கறுத்து மறுபடி வானவில். நாலு தடவைக்கு ஒரு தடவை டெஸ்க்டாப் வரை போகிறது. போர்டின் சிவப்பு விளக்கு நடுநடுவே ஒரு கணம் அணைந்து எரிகிறது. உள்ளே போனபின் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' என்ற பவர் நிலைக் கட்டளை கொடுத்தால் 50000, வேலை ஏதாவது ஓடும்போது 50005. எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு போட்டால் ஒழுங்காக பூட் ஆகிறது, ஆனாலும் மூலையில் மின்னல் குறி (வோல்டேஜ் குறைவு எச்சரிக்கை) எட்டிப் பார்க்கிறது.

எதையும் மாட்டாமல் சார்ஜர் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 5.08 வோல்ட். அப்படியென்றால் சார்ஜர் நல்லதுதானே? போர்டு போய்விட்டதா? இல்லை, கடையில் கிடைக்கும் 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (தகரப்பெட்டி பவர் சப்ளை) வாங்கி ஜிபிஐஓ பின்னில் (போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி வரிசையில்) நேரடியாகக் கொடுத்துவிடலாமா?


வேகவண்டி:

கான்ஃபிக் கோப்பில் 'அவாய்ட்_வார்னிங்ஸ்=1' என்று ஒரு வரி போடுங்க ப்ரோ, மின்னல் போயிடும்.


ஓம்விதி:

வேகவண்டி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வரி படத்தை மட்டும்தான் மறைக்கும், வோல்டேஜ் இருந்த இடத்திலேயே இருக்கும். 1-க்குப் பதில் 2 என்று போட்டால் இன்னும் மோசம்: வோல்டேஜ் தாழ்ந்திருக்கும்போதும் முழு வேகத்தில் ஓட அனுமதி கொடுத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற கதைதான்.

முதலில் உங்கள் எண்ணைப் படிப்போம். 50005-இல் கடைசி இலக்கம் இந்த நொடியின் நிலை. 1 என்றால் வோல்டேஜ் குறைவு, 2 என்றால் வேகத்துக்கு உச்சவரம்பு, 4 என்றால் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. 5 என்பது 1-ம் 4-ம் சேர்ந்தது. முன்னால் நிற்கும் 5-க்கும் அதே பொருள்தான், ஆனால் பவர் போட்டதிலிருந்து எப்போதாவது ஒரு முறை நடந்தது என்ற பதிவு. ரீபூட் செய்தால்தான் அழியும். ஆக 50000 வந்தால் இப்போது சரி, முன்பு விழுந்திருக்கிறது. 50005 வந்தால் இப்போதும் விழுந்துகொண்டிருக்கிறது. போர்டு எச்சரிக்கும் எல்லை சுமார் 4.63 வோல்ட். சிவப்பு விளக்கு அணைவதும் அதே எல்லையில்தான். அது உங்களுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. போர்டு போகவில்லை.

5.08 என்று அளந்தீர்களே, அது சுமை இல்லாத அளவு. குழாயை மூடிவைத்துக்கொண்டு தண்ணீர் அழுத்தம் பார்ப்பது போல. கரண்ட் ஓடும்போது போர்டுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி. ஜிபிஐஓ வரிசையில் பின் 4-இல் சிவப்பு முனை, பின் 6-இல் கறுப்பு முனை வைத்து அளங்கள். முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டு போய்விடும், எனவே இரண்டு பெண் ஜம்பர் கம்பிகளை முதலில் பின்னில் செருகி, அவற்றின் மறுமுனையில் மீட்டரைப் பிடியுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, பிறகு 'ஸ்ட்ரெஸ்-என்ஜி' என்ற சுமைச் சோதனை நிரலில் நாலு கோரையும் ஓடவிட்டு, கூடவே எஸ்எஸ்டிக்கு ஒரு பெரிய கோப்பைக் காப்பி போட்டு ஒரு அளவு. யுஎஸ்பி மீட்டர் இருந்தால் சார்ஜர் பக்கத்திலும் அதே நேரம் என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் இரண்டு கேஜ் எண்கள் (கம்பியின் தடிமனைக் குறிப்பவை) அச்சாகியிருக்கும். ஒன்று டேட்டா ஜோடிக்கு, மற்றது பவர் கம்பிக்கு. அந்த இரண்டாவது எண் என்ன?


பைத்தியம்4:

அளந்தேன். சும்மா இருக்கும்போது பின்னில் 4.86. சுமை கொடுத்தால் 4.55, சில சமயம் அதற்கும் கீழே ஒரு துள்ளல் துள்ளுகிறது. அதே நேரம் சார்ஜர் பக்கம் யுஎஸ்பி மீட்டர் 4.98 வோல்ட், 1.6 ஆம்பியர் காட்டியது. கேபிளில் டார்ச் அடித்துப் பார்த்தேன்: டேட்டா 28, பவர் 24.


ஓம்விதி:

கேபிள்தான். கணக்கைப் பாருங்கள்.

24 கேஜ் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.084 ஓம். கேபிள் ஒன்றரை மீட்டர் என்றாலும் கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக மூன்று மீட்டர்: 0.25 ஓம். உங்கள் அளவுப்படி சார்ஜரில் 4.98, போர்டில் 4.55, நடுவே காணாமல்போனது 0.43 வோல்ட். அதை 1.6 ஆம்பியரால் வகுத்தால் 0.27 ஓம். கம்பிக்கு 0.25, மிச்சம் பிளக் முனைகளுக்கு. இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போவது அபூர்வம்!

உங்கள் மீட்டர் காட்டும் 4.55 சராசரி. பூட்டின் நடுவில் சில மில்லிநொடிகள் 2.2 ஆம்பியர் இழுத்தால் 0.27 ஓமில் 0.6 வோல்ட் போய்விடும், போர்டில் 4.4 கூட நிற்காது. சாதா மல்டிமீட்டர் அந்தப் பள்ளத்தைப் பிடிக்காது. மின்-மேக்ஸ் பதிவு உள்ள மீட்டர் ஓரளவு பிடிக்கும், ஆசிலோஸ்கோப் என்றால் முழுசாகத் தெரியும். நீங்கள் பார்த்த அந்தத் 'துள்ளல்' பள்ளத்தின் நிழல்.

இன்னொன்று பலருக்குப் பிடிபடாது. பை-யின் பவர் சிப்பில் இருப்பவை ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள். உள்ளே தேவைப்படும் வாட் மாறாது. 5 வோல்ட் 4.5 ஆகக் குறைந்தால் அதே வாட்டுக்கு அதிக ஆம்பியர் இழுக்கும். ஆம்பியர் கூடினால் கேபிளில் இழப்பு கூடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். அதனால்தான் மெதுவாகத் தள்ளாடாமல் சட்டென்று குப்புற விழுகிறது.

பூட்டில் மட்டும் ஏன்? எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்துகொள்வதால். பூட்லோடர் முதலில் யுஎஸ்பி போர்ட்டுகளின் பவரை ஒரு நொடி நிறுத்தி மறுபடி கொடுக்கும். அந்தக் கணத்தில் எஸ்எஸ்டி அடாப்டரின் கெப்பாசிட்டர்கள் கரண்டை உறிஞ்சும். பிறகு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்து நாலு கோரையும் எழுப்பும், வைஃபை ரேடியோ கிளம்பும், எஸ்எஸ்டியிலிருந்து முழுமூச்சில் படிக்கும். எழுத்துகள் ஓட ஆரம்பித்துப் பத்து நொடியில் விழுகிறது என்கிறீர்களே, அது இந்த நெரிசல்தான்.

ஒப்பீட்டுக்கு: 28 கேஜ் பவர் கம்பி உள்ள மலிவு கேபிள் மீட்டருக்கு 0.213 ஓம். ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் கோவிந்தா. 20 கேஜ் என்றால் மீட்டருக்கு 0.033 ஓம்; அரை மீட்டர் கேபிளில் 2 ஆம்பியருக்கு இழப்பு 0.07 வோல்ட்தான். கேஜ் எண் சிறிதாக ஆக கம்பி தடிமன். பை 4-க்கான அதிகாரபூர்வ சப்ளை 5.1 வோல்ட் 3 ஆம்பியர், 18 கேஜ் கம்பி, கழற்ற முடியாதபடி சப்ளையோடு ஒட்டியே வரும். அந்த 0.1 வோல்ட் உபரியும், கேபிளை மாற்றவிடாமல் வைத்திருப்பதும் காரணத்தோடுதான்.

போன் சார்ஜர் பற்றி: 33 வாட் என்பது 9 அல்லது 11 வோல்ட் மாதிரி உயர்ந்த வோல்டேஜில், அந்தப் போனோடு பேசிக்கொண்டால் மட்டும் கிடைப்பது. பை 4 அந்தப் பேச்சுவார்த்தையில் கலந்துகொள்வதில்லை, 5 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். உங்கள் சார்ஜர் 1.6 ஆம்பியரில் 4.98 கொடுக்கிறது, மோசமில்லை. ஆனால் போனுக்கு 4.8 வந்தாலும் சரி, 5.1 வந்தாலும் சரி, பாட்டரி நடுவில் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்குவதற்குப் பாட்டரி கிடையாது.


நள்ளிரவு_லினக்ஸ்:

கேபிள் விஷயத்தில் ஓம்விதி சார் சொன்னதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் புது கேபிள் வந்த பிறகும் ரீஸ்டார்ட் தொடர்ந்தால் பவரையே சந்தேகித்துக்கொண்டிருக்க வேண்டாம். யுஎஸ்பி எஸ்எஸ்டியில் இதே முகத்தோடு வரும் இன்னும் இரண்டு கோளாறுகள் உண்டு.

ஒன்று, அது ரீஸ்டார்ட்டே இல்லாமல் இருக்கலாம். பூட் ஆர்டர் எஃப்41 என்று இருந்தால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்: 1 எஸ்டி கார்டு, 4 யுஎஸ்பி, எஃப் என்றால் முதலிலிருந்து மறுபடி. எஸ்எஸ்டி எழுந்து பதில் சொல்லத் தாமதித்தால் பூட்லோடர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். மானிட்டரை யுஎஸ்பி-சி பவர் வாய்க்குப் பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ-யில் மாட்டினால் பூட்லோடரின் கண்டறிதல் திரை தெரியும். சிவப்பு விளக்கு அணையாமல், அந்தத் திரையிலேயே முயற்சி மேல் முயற்சி என்று ஓடினால் அது சுற்று. கெர்னல் எழுத்துகள் பாதியில் அறுந்து வானவில் வந்தால் அது விழுந்து எழுவது. உங்களுடையது இரண்டாவது வகை.

இன்னொன்று, அடாப்டர் சிப்பின் யுஏஎஸ் (யுஎஸ்பி டிஸ்க்கோடு வேகமாகப் பேசும் முறை) கோளாறு. சில யுஎஸ்பி-சாட்டா சிப்புகள் யுஏஎஸ் முறையில் தடுமாறும்: டிஸ்க் தொங்கும், 'ரீசெட் சூப்பர்ஸ்பீட்' வரிகள் வரும், கடைசியில் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிடும். பவர் கோளாறிலும் கிட்டத்தட்ட இதுவே நடக்கும். பிரித்தறிய 'டிமெஸ்ஜ்' என்ற கெர்னல் பதிவில் வரிசையைப் பாருங்கள். 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' முதலில் வந்து, அதற்கு அடுத்து யுஎஸ்பி அறுந்தால் பவர். அண்டர்வோல்டேஜ் என்ற சொல்லே இல்லாமல் யுஏஎஸ் அபார்ட் வரிகள் மட்டும் குவிந்தால் சிப். அப்படியானால் 'எல்எஸ்யுஎஸ்பி'யில் அந்த அடாப்டரின் இரண்டு அடையாள எண்களை எடுத்து, சிஎம்டிலைன் கோப்பின் அதே ஒற்றை வரியில் 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=' என்று தொடங்கி, எண்களை முக்காற்புள்ளியால் பிரித்து, கடைசியில் இன்னொரு முக்காற்புள்ளியும் சிறிய யு எழுத்தும் சேருங்கள். புது வரி அடித்தால் பூட்டே ஆகாது, கவனம். வேகம் கொஞ்சம் குறையும், நிலையாக ஓடும்.

புது கேபிள் வரும்வரை காத்திருக்க முடியாதென்றால் கான்ஃபிக் கோப்பில் 'ஆர்ம்_ஃபிரீக்=600' போட்டு, வைஃபையை நிறுத்தும் ஓவர்லேயும் சேர்த்து பூட் செய்து பாருங்கள். பத்துக்குப் பத்து முறை உள்ளே போனால் பவர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இது சோதனைக்கு மட்டும்.

இத்தனை முறை நடுவில் விழுந்த டிஸ்க் என்பதால், பவர் சரியானதும் சிஎம்டிலைனில் 'எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ்' (டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும்) என்று ஒரு தடவை சேர்த்து பூட் செய்து, பிறகு எடுத்துவிடுங்கள்.


சால்டர்சாமி:

எஸ்எம்பிஎஸ் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். செய்யலாம், நன்றாகவே ஓடும், ஆனால் தப்பு செய்தால் மன்னிப்பு கிடையாது.

தகரப்பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸில் டெர்மினல் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதுதான் வோல்டேஜ் சரிசெய்வது. பை-யை மாட்டுவதற்கு முன், மீட்டரை வைத்து 5.1-க்குக் கொண்டுவாருங்கள். எந்தக் காரணத்துக்கும் 5.25-ஐத் தாண்டக்கூடாது. பெட்டியிலிருந்து வருவது எப்போதும் சரியாக 5.0 என்று நம்பவேண்டாம், முன்பு யாரோ எல்ஈடி பட்டைக்காகத் திருகி வைத்திருக்கலாம். ஏசி டெர்மினல்கள் திறந்தே இருக்கும் பெட்டி அது. எர்த் கொடுத்து, மூடிபோட்டு வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

5 வோல்ட் பின்கள் 2, 4. கிரவுண்டுக்கு 6, 9, 14 என்று பல உண்டு. 2-க்கு எதிரே இருப்பது பின் 1, அது 3.3 வோல்ட். ஒரு பின் நகர்த்திச் செருகினால் 5 வோல்ட் அங்கே போய் ப்ராசசரை எரித்துவிடும். செருகுவதற்கு முன் ஒரு முறை எண்ணுங்கள், செருகிய பின் இன்னொரு முறை. ஜம்பர் கம்பி ஒற்றையாகப் போதாது. மெல்லிசு, நுனியில் சூடாகும். 5 வோல்ட்டுக்கு இரண்டு பின்னும், கிரவுண்டுக்கு இரண்டு பின்னும் பயன்படுத்தி, 20 கேஜ் கம்பியில் கிரிம்ப் செய்து கொடுங்கள், நீளம் அரை மீட்டருக்குள். நடுவில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. 10 ஆம்பியர் சப்ளையில் ஷார்ட் ஆனால் போர்டு தாங்காது, கம்பிதான் முதலில் புகையும். பை 3-இல் மைக்ரோ யுஎஸ்பி வழியாகக் கொடுத்தால் 2.5 ஆம்பியர் பாலிஃபியூஸ் ஒன்று காவலுக்கு நிற்கும், ஜிபிஐஓ வழியில் அதுவும் கிடையாது. ஜிபிஐஓ-வில் கொடுக்கும்போது யுஎஸ்பி-சியில் எதுவும் மாட்டாதீர்கள், இரண்டு சப்ளைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும்.

12 வோல்ட் பாட்டரியிலிருந்து எல்எம்2596 மாட்யூல் வைத்து இறக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பின் ஏட்டில் 3 ஆம்பியர் என்று இருக்கும். ஹீட்சிங்க் இல்லாத அந்த நீலப் பலகையில் 2 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் விரல் வைக்க முடியாது. தலையில் இருக்கும் பித்தளைத் திருகைப் பல சுற்றுகள் திருப்பினால்தான் வோல்டேஜ் அசையும். ஆரம்பத்தில் வோல்டேஜ் 5-க்கு மேலே எங்கேயோ நிற்கும், அதனால் மாட்டுவதற்கு முன் மீட்டர் கட்டாயம்.

எஸ்எஸ்டியை பவர் உள்ள ஹப்பில் மாட்டுவதும் நல்ல வழிதான். பை 4-இன் நாலு போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 1.2 ஆம்பியர்தான், இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அது ஒன்றே 1 ஆம்பியரைத் தொட்டுவிடும். ஆனால் மலிவு ஹப்புகளில் பெரும்பாலானவை தங்கள் 5 வோல்ட்டை கேபிள் வழியாக பை-க்குள்ளேயே திருப்பி அனுப்பும். பை-யின் சப்ளையைப் பிடுங்கிவிட்டு, ஹப் மட்டும் மாட்டியிருக்கும்போது சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் அந்த ஹப் வேண்டாம். கரண்ட் போய் வரும்போது பை முழுசாக அணையாமல் அரைகுறை வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும், சுத்தமாக ரீசெட் ஆகாது. கரண்ட் வந்ததும் விளக்கு எரியும், பூட் மட்டும் ஆகாது, ஆள் போய்ப் பிடுங்கி மாட்டினால்தான் எழும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஹப் இன்வெர்ட்டர் லைனிலும், பை மெயின் லைனிலும் இருந்தால் இது அடிக்கடி நடக்கும்.


பைத்தியம்4:

எல்லாருக்கும் நன்றி. எஸ்எம்பிஎஸ் யோசனையை விட்டுவிட்டேன், வீட்டில் குழந்தை இருக்கிறது. 5.1 வோல்ட் அதிகாரபூர்வ சப்ளை வந்துவிட்டது. அதே எஸ்எஸ்டி, அதே சுமை: பின்னில் 5.02, சும்மா இருக்கும்போது 5.08. இருபது முறை பூட் செய்தேன், இருபதும் போனது. கெட்_த்ராட்டில்ட் வெறும் 0. எஃப்எஸ்சிகே மூன்று ஐநோடுகளைத் திருத்தியது.

பழைய சார்ஜரோடு அரை மீட்டர் 20 கேஜ் கேபிள் போட்டும் பார்த்தேன். சுமையில் 4.89. அதிலும் பூட் ஆகிறது, மின்னல் இல்லை.

ஒரு சந்தேகம்: நண்பர் ஒருவர் லேப்டாப்பின் 65 வாட் சி-டு-சி சார்ஜரையும் அதன் கேபிளையும் தன் பை 4-இல் மாட்டினால் விளக்கே எரியவில்லை. இதுவும் வோல்டேஜ் இழப்பா?


ஓம்விதி:

இல்லை, அது வேறு. 2019-இல் வந்த முதல் பை 4 போர்டுகளில் (திருத்தம் 1.1) யுஎஸ்பி-சியின் இரண்டு சிசி பின்களுக்கும் (என்ன மாட்டியிருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிவிப்பவை) தனித்தனியாக இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் தடையை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். உள்ளே சிப் வைத்த கேபிள் மாட்டினால் சார்ஜர் இதை ஆடியோ அடாப்டர் என்று எண்ணி 5 வோல்ட்டையே திறக்காது. திருத்தம் 1.2-இல் சரிசெய்தார்கள். 'சிபியு-இன்ஃபோ'வில் ரிவிஷன் வரியைப் பாருங்கள்: 4 ஜிபி போர்டில் சி03111 என்றால் பழையது, சி03112 முதல் சரியானது. பழைய போர்டென்றால் சிப் இல்லாத சாதா கேபிள் போதும். அல்லது ஏ-டு-சி கேபிள்.


புதுப்பை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பை 5-இல் அதே 3 ஆம்பியர் சப்ளையை வைத்து யுஎஸ்பி எஸ்எஸ்டியில் பூட் செய்தால் 5 ஆம்பியர் இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது, பவர் பட்டனை அழுத்தச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டுமா? 100 வாட் சார்ஜர் வாங்கினால் தீருமா?


ஓம்விதி:

100 வாட்டால் தீராது. அந்த 100 வாட் 20 வோல்ட்டில் 5 ஆம்பியர். 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தருவதாக சப்ளை தன் வாயால் சொன்னால்தான் பை 5 நம்பும். அதற்கென்று வந்த 27 வாட் சப்ளை அதைச் சொல்லும். சொல்லாவிட்டால் யுஎஸ்பி போர்ட்டுகளுக்கு மொத்தம் 600 மில்லி ஆம்பியர்தான், சொன்னால் 1.6 ஆம்பியர்.

உண்மையிலேயே 5 ஆம்பியர் தரும், ஆனால் பேசத் தெரியாத சப்ளை (சால்டர்சாமி சொன்ன எஸ்எம்பிஎஸ் மாதிரி) இருந்தால், 'ஆர்பிஐ-ஈஈப்ராம்-கான்ஃபிக்'கை எடிட் செய்து 'பிஎஸ்யு_மேக்ஸ்_கரண்ட்=5000' சேர்க்கலாம். 3 ஆம்பியர் சார்ஜரை வைத்துக்கொண்டு இதைச் சேர்த்தால் பட்டன் தொல்லை போகும், இந்த இழையின் முதல் கேள்விக்குத் திரும்ப வந்து நிற்பீர்கள். ரிப்பன் வழியாக மாட்டும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு அந்த 600 மில்லி ஆம்பியர் கட்டுப்பாடு கிடையாது, அதுவும் ஒரு வழி.

பை 5-இல் மீட்டர் கூடத் தேவையில்லை. 'விசிஜென்சிஎம்டி பிஎம்ஐசி_ரீட்_ஏடிசி' கொடுத்து, வரும் பட்டியலில் 'எக்ஸ்ட்5வி_வி' என்ற வரியைப் பாருங்கள், போர்டுக்கு வந்து சேரும் வோல்டேஜ் அதில் இருக்கும். சுமை கொடுத்து ஒரு முறை ஓட்டி இங்கே போடுங்கள், கேபிளின் கேஜ் எண்ணையும் சேர்த்து.